நெஞ்சில் கை வைத்த நபி (ஸல்) அவர்கள், மருத்துவரிடம் அனுப்பினார்கள்

  

  

நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் பலர் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறோம்.

இஷா தொழுதுவிட்டு வந்து படுக்கிறோம். கண் அசரும் நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரள்கிறது. ஒரு துடிப்பு விட்டுப்போனது போல் இருக்கிறது. அடுத்த துடிப்பு திடுமென்று இடிக்கிறது. எழுந்து உட்காருகிறோம். மனைவியை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறோம். விடிந்ததும் வேலைக்குப் போனால் மறந்துபோகிறது. நாலு நாள் கழித்து மறுபடியும் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தால் "நார்மல்" என்கிறார்கள். நார்மல் என்றால் எனக்கு வருவது என்ன?

இந்த இடத்தில் நம் மக்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு வகையினர், "எல்லாம் வாயுதான்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு வகையினருக்கு, ஒவ்வொரு இரவும் மவ்த்துடைய இரவாகவே தெரிகிறது. அலட்சியமும் தவக்குல் ஆகாது, இந்த அச்சமும் தக்வா ஆகாது. அப்படியானால் மார்க்கம் காட்டும் வழி எது?

ஸஅது (ரலி) அவர்களின் நெஞ்சு வலி

சுவனத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துத் தோழர்களில் ஒருவர் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள். அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்து, அவர்களின் நெஞ்சின் மீது தம் கையை வைத்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியைத் தம் இதயம் வரை உணர்ந்ததாக ஸஅது (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். பிறகு நபியவர்கள், இது இதயத்தின் நோய் என்று சொல்லி, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் போகுமாறு கூறினார்கள். மதீனாவின் அஜ்வா பேரீத்தம் பழங்கள் ஏழை எடுத்துக் கொட்டையோடு இடித்துக் கொடுக்கட்டும் என்றும் சொன்னார்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனாலும் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கட்டளை, கிராமப்புற அரபிகள் கேட்ட கேள்விக்கு நபியவர்கள் சொன்ன பதிலாக வேறு அறிவிப்புகளிலும் தெளிவாக வந்திருக்கிறது.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். அது யாருடைய கை? அந்தக் கையை விட பரக்கத்தான கை உலகில் உண்டா? அந்தக் கை நெஞ்சில் பட்ட பிறகும், மருத்துவரிடம் போ என்று சொல்லப்பட்டது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றவரா என்பதே உறுதியில்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அவரிடம் இருந்தது மருத்துவ அறிவு. அதற்காகவே அனுப்பினார்கள்.

நாமோ இந்தச் செய்தியில் அஜ்வாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஹாரிஸை மறந்துவிட்டோம். அஜ்வா சாப்பிடுங்கள், ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் அவை டாக்டரிடம் போவதற்குப் பதிலாக அல்ல.

இதயம் பதறுவது ஈமானின் குறையா?

"ஈமான் பலவீனமாக இருந்தால்தான் நெஞ்சு படபடக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. ஹிரா குகையில் முதல் வஹீ வந்தபோது நபி (ஸல்) அவர்களுக்கு வயது நாற்பது. இதயம் படபடக்க வீட்டுக்கு வந்து, தம்மைப் போர்த்திவிடச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட தாயாரின் உள்ளம் எப்படித் தவித்தது என்பதைத் திருக்குர்ஆனின் 28-வது அத்தியாயம் பேசுகிறது.

அன்று அன்னை கதீஜா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? சிரிக்கவில்லை, "எல்லாம் உங்கள் கற்பனை" என்று சொல்லவில்லை. முதலில் போர்த்திவிட்டார்கள். பதற்றம் தணிந்தபின் கணவரின் நற்குணங்களை எடுத்துச் சொல்லி ஆறுதல் தந்தார்கள். பிறகு விஷயம் தெரிந்தவரான வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். வீட்டில் ஒருவர் "நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று சொன்னால் நாம் செய்ய வேண்டியதும் இதே வரிசைதான்.

நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. சில நேரம் ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அதன் பிறகு ஒரு சிறு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இதயத்தில் அதிக இரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கும். நாம் உணர்கிற அந்த "திடும்" பெரும்பாலும் இதுதான். ஆரோக்கியமான பலருக்கும் இது வந்து போகிறது.

தூக்கக் குறைவு, வேலைக்கு நடுவே குடிக்கும் டீ, பீடி சிகரெட், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேர்ப்பது, இரத்த சோகை, தைராய்டு, மனக்கவலை என்று இதைக் கிளப்பிவிடக் காரணங்கள் பல. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதிலும் இந்தப் படபடப்பு வரும். நெஞ்செரிச்சலும் தசைப்பிடிப்பும் கூட இதய வலி போலவே தோன்றும்.

ஆனால் எல்லாமே சாதாரணம் என்றும் விட்டுவிட முடியாது. இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் ஒன்று உண்டு. அதில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கிவிடலாம். சாதாரண ஈசிஜி சுமார் 10 விநாடி நேரத்தைத்தான் பதிவு செய்கிறது. அந்த 10 விநாடியில் படபடப்பு வராவிட்டால் "நார்மல்" என்றுதான் காட்டும். அதனால் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடாது. மறுபடியும் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி இருக்கிறது. எக்கோ, டிரெட்மில், இரத்தப் பரிசோதனைகளும் இருக்கின்றன. எந்த நாள், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பேருதவியாக இருக்கும்.

நம் ஊரின் வேலை

விஸ்வநத்தத்திலும் சிவகாசியைச் சுற்றிலும் வாழும் நமக்கு இன்னொரு விஷயம் உண்டு. நம் ஊரில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று நோயைத் தீர்ப்பது, மற்றொன்று பட்டாசில் செலுத்துவது. டாக்டரிடம் போகும்போது இந்த இரண்டாவது மருந்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

பச்சை வெளிச்சத்துக்காகப் பயன்படுத்தப்பட்ட பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. பேரியம் உப்பு உடம்புக்குள் அளவு மீறிப் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பு சீர்குலையும். அச்சகங்களில் மையைக் கழுவும் கரைப்பான்களின் ஆவியைக் காற்றோட்டமில்லாத அறையில் அதிகம் சுவாசிப்பதும் இதயத்துக்குக் கேடுதான். உங்கள் படபடப்புக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். என்ன வேலை, என்ன பொருளைக் கையாளுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அவரால் சொல்ல முடியும். சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள். வேலைத் துணியோடு வந்து பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

மனதின் பாரமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் எத்தனையோ விபத்துகள். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டாலே "எந்த ஆலையோ, யார் வீட்டுப் பிள்ளையோ" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஊர் இது. பல்கு நகரத்து அறிஞர் அபூஸைத் அல்பல்கீ 1000 ஆண்டுகளுக்கு முன்பே உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். மனம் நொந்தால் உடல் நோகும், உடல் நொந்தால் மனம் நோகும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஆகவே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் வெட்கப்படாதீர்கள்.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது?

நெஞ்சை அழுத்திப் பிசைவது போன்ற வலி, அது இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், மயக்கம். இவற்றில் எது வந்தாலும் சோடா தேடாதீர்கள், தனியாக பைக் ஓட்டிப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மருந்துகள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடுமே" என்பது உண்மையான கஷ்டம்தான். ஆகவே முதலாளிமார்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பரிசோதனைக்குப் போகும் தொழிலாளியின் கூலியைப் பிடிக்காதீர்கள். ஜமாஅத்தில் வசதி உள்ளவர்கள், ஹோல்டர் பரிசோதனைக்குப் பணமில்லாத ஒருவருக்குக் கைகொடுங்கள். அதுவும் ஸதகாதான்.

பரிசோதித்த பிறகு

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஆபத்தில்லை, இதோடு வாழலாம்" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிடத்துக்கு ஒரு முறை நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள். படபடப்பு வரும்போது மெதுவாக மூச்சை விடுங்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து அல்லாஹ்வின் பெயர் சொல்லித் துஆ கேட்கும் முறையை உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தது முஸ்லிமில் இருக்கிறது. அதைச் செய்யுங்கள். நின்று தொழ முடியாத நாளில் உட்கார்ந்து தொழுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரமளானில் அதை எந்த நேரத்தில் போடுவது, நோன்பு வைக்கலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

மீண்டும் ஸஅது (ரலி) அவர்களிடம் வருவோம். ஹஜ்ஜத்துல் விதாவின் போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். அப்போது நாற்பதை நெருங்கிய வயது. மவ்த் வந்துவிட்டது என்றே நினைத்து, சொத்தை வஸிய்யத் செய்வது பற்றிக் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்ற சட்டம் நமக்குக் கிடைத்தது அந்தப் படுக்கையிலிருந்துதான். நீ இன்னும் வாழக்கூடும், உன்னால் மக்கள் பயனடையக்கூடும் என்று நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் சுமார் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். காதிஸிய்யா போரில் உடல்நலக் குறைவால் குதிரையில் ஏற முடியாமல் கோட்டையின் மேலிருந்தே படையை நடத்தினார்கள். கூஃபா நகரத்தை உருவாக்கினார்கள். அந்தப் பத்துத் தோழர்களில் கடைசியாக மறைந்தவர் அவர்களே.

நோய் இருந்தது, வாழ்க்கையும் இருந்தது. வஸிய்யத்தையும் எழுதினார்கள், வேலையையும் செய்தார்கள். நாமும் அப்படியே வாழ்வோம். இந்த உடல் அமானத். அது சொல்வதைக் கேட்போம், தெரிந்தவரிடம் காட்டுவோம், முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.

யா அல்லாஹ்! நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஆலைகளில் உழைக்கும் அனைவரையும் விபத்துகளிலிருந்து காப்பாயாக! பதறும் உள்ளங்களுக்கு நிம்மதியையும், நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளில் நல்ல அமல்களையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.