கர்ப்பிணிகளின் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்

"முதற்சோதனையில் சர்க்கரை இல்லை என்றார்கள், மறுபடி எதற்காக ஒரு நாள் கூலியை இழப்பது?" சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும் ஊர்களில், தறி வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ஆயின் விடை உடலுக்குள் இருக்கிறது.

கர்ப்பம் முதிர முதிர, நஞ்சுக்கொடியில் சுரக்கும் பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆகவே மூன்றாம் மாதத்தில் காணாத சர்க்கரை ஆறாம் மாதத்தில் தலைகாட்டலாம். 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுசோதனை செய்வது இதனாலேயே. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். இச்சோதனைக்கு வெறும் வயிறாகச் செல்ல வேண்டுவதில்லை.

சர்க்கரை கண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் உயரும் அபாயமும் மிகுதி. 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90 அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால், அது வலிப்பு வரை செல்லக்கூடும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. தொடக்கத்தில் கர்ப்பிணிக்கு ஒன்றும் தெரியாது, கருவிதான் காட்டும். கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதே என்னும் பாட்டிமார் சொல்லில் பாதி உண்மை உண்டு. திடீரென முகமும் கைகளும் வீங்குவது அத்தகையதன்று. அதனுடன் கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் எது கண்டாலும், இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுக.

பிரசவமாகி ஆறு வாரம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்த்தல் வேண்டும். தொட்டில் ஆடும் வீட்டில் பெரும்பாலும் மறந்துபோவது இச்சோதனையே.