உங்கள் செஸ் புரோகிராமின் பலம் எவ்வளவு?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். போட்டிகளில் ஆடிய அனுபவம் உள்ளவர். ஓய்வு நேரத்தில் நான் எழுதிய செஸ் புரோகிராமை அவரிடம் காட்டி, "இதன் ரேட்டிங் 2000 சார்" என்றேன். அன்று மாலையே அரை மணி நேர ஆட்டங்கள் நான்கு ஆடினார். இரண்டில் வென்றார், ஒன்று டிரா. "2000 எங்கே தம்பி?" என்று கேட்டார். என் கணக்கில் எங்கே தவறு? நீங்களும் அதே தவறைச் செய்யாமலிருக்க இதோ விளக்கம்.

எலோ என்பது என்ன?

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ உருவாக்கிய முறை இது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இதை ஏற்றது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, யார் எத்தனை சதவீதம் புள்ளி எடுப்பார் என்று கணிக்கலாம். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை.

50 சதவீதம் என்றால் வித்தியாசம் 0
64 சதவீதம் என்றால் 100
76 சதவீதம் என்றால் 200
91 சதவீதம் என்றால் 400

சோதிப்பது எப்படி?

1. அரீனா என்ற இலவச புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். செஸ் எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட இது உதவும்.

2. எஞ்சின்ஸ் மெனுவில் இன்ஸ்டால் நியூ எஞ்சின் என்பதைத் தேர்வு செய்து, சோதிக்க வேண்டிய எஞ்சினையும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினையும் சேருங்கள். ஸ்டாக்ஃபிஷும் இலவசம்தான்.

3. முழு பலத்தில் ஸ்டாக்ஃபிஷ் எல்லா ஆட்டத்தையும் வென்றுவிடும். அதில் எதையும் அளக்க முடியாது. அதன் ஆப்ஷன்களில் லிமிட் ஸ்ட்ரென்த் என்பதை டிக் செய்து, எலோ கட்டத்தில் 1750 போன்ற எண்ணைக் கொடுங்கள். இந்த எண் 2 நிமிடமும் நகர்வுக்கு 1 விநாடியும் கொண்ட ஆட்டத்துக்கு அளவிடப்பட்டது. அதே நேரத்தையே வையுங்கள்.

4. வெவ்வேறு தொடக்கங்களைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வரலாம். ஒவ்வொரு தொடக்கத்தையும் வெள்ளையிலும் கறுப்பிலும் ஆட விடுங்கள்.

எத்தனை ஆட்டம் வேண்டும்?

நான் சறுக்கியது இங்கேதான். 1750-க்கு எதிராக 10 ஆட்டங்களில் 8 புள்ளி கிடைத்தது. 80 சதவீதம் என்றால் 240 கூடுதல். ஆகவே 1990 என்று முடிவு கட்டினேன். ஆனால் 10 ஆட்டங்களில் சுமார் 250 புள்ளி வரை பிழை வரலாம். 100 ஆட்டங்களில் அது ஏறத்தாழ 70. 1000 ஆட்டங்களில் சுமார் 20. பிறகு 200 ஆட்டங்கள் ஓடவிட்டேன். கிடைத்தது 104 புள்ளி, அதாவது 52 சதவீதம். உண்மை ரேட்டிங் 1765-க்கு அருகில், 50 கூடலாம், குறையலாம்!

இரண்டாவது தவறு, இந்த எண்ணை ஃபிடே எண்ணோடு ஒப்பிட்டது. எலோ எண் ஒரு கூட்டத்துக்குள் மட்டுமே பொருந்தும். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஆடிப் பெற்ற 1800-ம், போட்டி அரங்கில் ஒருவர் பெற்ற 1800-ம் ஒன்றல்ல. விளம்பரத்தில் 2500 என்று இருந்தால், யாரோடு, எவ்வளவு நேரத்தில் ஆடியது என்று கேளுங்கள்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் விஸ்வநாதன் ஆனந்தே சாட்சி. 1998-ல் ரெபெல் 10 என்ற புரோகிராமுடன் 8 ஆட்டங்கள் ஆடினார். 5 நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3-1 என்றும், 15 நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½-½ என்றும் வென்றது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½-½ என்று வென்றார். மொத்தத்தில் ரெபெல் 5-3. அதே இருவர்தான்; நேரம் மாறியதும் முடிவும் மாறியது.

மனிதர்களோடு ஆன்லைனில்

லிசெஸ் தளத்தில் 2018 முதல் புரோகிராம்களுக்கென்றே பாட் கணக்கு உண்டு. எதிரே ஆடுவது புரோகிராம் என்பது ஆடுபவருக்குத் தெரியும். சாதாரணக் கணக்கில் எஞ்சின் சொல்லும் நகர்வுகளை ஆடுவது மோசடி, கணக்கை முடக்கிவிடுவார்கள். அங்கே கிடைப்பதும் லிசெஸ் ரேட்டிங்தான், ஃபிடே ரேட்டிங் அல்ல.

இந்தக் கணக்கையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னேன். "நான் ஆடியதும் நாலே ஆட்டம்தானே தம்பி, அதை வைத்தும் முடிவு சொல்லக்கூடாது" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு மறுபடி ஆட வரச் சொல்லியிருக்கிறார்.