கருவி இருந்தால் போதுமா?

கேள்வி: தீயணைப்புக் கருவி உள்ள பள்ளியில் ஒத்திகையும் தேவையா? (வாசகர், ஆர்.கே.பேட்டை)

பதில்: தேவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளிச் சமையல்கூடத்தில் எழுந்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டபோது, தப்பவிடாமல் தடுத்தவற்றுள் குறுகிய படிக்கட்டும் ஒன்றாகும். அந்தத் தீவிபத்தையடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியைக் கல்வி உரிமையின் கூறாகவே கருதி, கருவிகளோடு ஆசிரியர்களுக்கான பயிற்சியையும் வலியுறுத்தியது; ஆயினும் ஆய்வு நாளில் மட்டும் தூசு தட்டப்படும் கருவிகளே பல பள்ளிகளில் காணப்படுகின்றன. எந்த வகுப்பு எவ்வழியே இறங்கும், மைதானத்தில் எங்கே கூடும், வருகைப் பதிவேட்டோடு தலையெண்ணிக்கை எடுப்பவர் யார், நடக்க இயலாத மாணவரைத் தூக்கி வருபவர் யார் என்பவற்றை முன்னரே வகுத்து, மணியடித்து, எல்லோரும் உண்மையாகவே இறங்கிப் பார்ப்பதே வெளியேற்ற ஒத்திகை; பூட்டிக் கிடக்கும் பின்வாசலின் சாவி யாரிடம் என்ற கேள்வி பெரும்பாலும் அப்போதுதான் எழும்.