நிரல் எழுதும் பொறியும் நிர்வாகத்தின் பொறுப்பும்

மும்பை மாநகரின் தாராவிப் பகுதியில் ஆயத்த ஆடைகள் தைக்கும் சிறு பட்டறைகள் ஏராளமாக உள்ளன. துணியைப் பல அடுக்குகளாக மேசைமீது விரித்து, மேல் அடுக்கில் அளவுக் கோடுகள் வரைந்து, மின்சாரக் கத்தியால் எல்லா அடுக்குகளையும் ஒன்றாக வெட்டுவது அங்குள்ள வழக்கம். கத்தரிக்கோலால் நெடுநேரம் செய்ய வேண்டிய வேலை இதனால் விரைவில் முடிந்துவிடுகிறது. ஆயினும் சட்டை அத்துடன் முடிவதில்லை. தையல், காஜா, பொத்தான், பிசிறு நீக்கல், சரிபார்ப்பு, இஸ்திரி எனப் பல படிகளை அது கடந்தாக வேண்டும். வெட்டும் வேகம் மட்டும் கூடினால் தையல் பொறிகளின் முன் துணிக் குவியல் உயருமே தவிர, வெளியே செல்லும் சட்டைகளின் எண்ணிக்கை உயராது. கோடு வரைந்தவர் கழுத்தளவைத் தவறாகக் குறித்திருந்தால், பாழாவது ஒரு சட்டையன்று. அடுக்கிலுள்ள அத்தனை சட்டைகளும் பாழாகும்.

பட்டறைத் தொழிலாளர் அனைவரும் அறிந்த இவ்வுண்மை, மென்பொருள் துறையில் எளிதில் மறக்கப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று சில நொடிகளில் நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட நிரலை எழுதித் தருகின்றன. இதைக் காணும் உயர் நிர்வாகிகள் பலர், மென்பொருள் உருவாக்கும் காலமும் அதற்குத் தேவையான ஆட்களும் அதே அளவில் குறைந்துவிடும் என்று முடிவு செய்கின்றனர். இம்முடிவு எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஆராய்வது அவசியமாகிறது. தாராவியை அடுத்து, மித்தி ஆற்றின் மறுபுறம் அமைந்துள்ள பாந்திரா-குர்லா வளாகத்தில் தேசியப் பங்குச் சந்தையும் பெரிய வங்கிகளின் அலுவலகங்களும் இயங்குகின்றன. அங்கு பயன்படும் மென்பொருளில் நேரும் பிழை, நாடெங்கும் உள்ள சாமானிய மக்களின் சேமிப்பைப் பாதிக்கக்கூடியது.

நிரல் எழுதுதல் எத்தனை பங்கு?

மென்பொருள் உருவாக்கம் என்பது நிரல் எழுதுவது மட்டுமன்று. தேவை என்ன என்பதைக் கேட்டறிதல், அமைப்பைத் திட்டமிடுதல், நிரல் எழுதுதல், பகுதி பகுதியாகச் சோதித்தல், முழுமையாக இணைத்துச் சோதித்தல், பயன்பாட்டுக்கு வந்தபின் பராமரித்தல் ஆகியன அனைத்தும் அதில் அடங்கும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் மாபெரும் மென்பொருள் திட்டமொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் அனுபவ விகிதம் ஒன்றைக் கொடுத்துள்ளார். மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுதலுக்கும், ஆறில் ஒரு பங்கு நிரல் எழுதுவதற்கும், எஞ்சிய பாதி இருவகைச் சோதனைகளுக்கும் தேவை என்பது அவரது கணக்கு. இதன்படி 12 மாதத் திட்டமொன்றில் நிரல் எழுதுவதற்கு ஆவது 2 மாதங்களே. இயந்திரம் அவ்வேலையை ஒரு நொடியில் முடித்துவிட்டாலும் 10 மாத வேலை எஞ்சி நிற்கும். திட்டமிடுதலிலும் சோதனையிலும் புதிய கருவிகள் ஓரளவு உதவலாம் என்பது உண்மையே. ஆயினும் எது சரியான விடை என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது.

1986ஆம் ஆண்டில் புரூக்ஸ் இதனை மேலும் தெளிவாக்கினார். மென்பொருளில் இருவகைச் சிக்கல்கள் உள்ளன. ஒன்று, கருவிகளின் குறைபாட்டால் நேர்வது; சிறந்த கருவி வந்தால் அது நீங்கிவிடும். மற்றொன்று, செய்ய வேண்டிய பணியின் இயல்பிலேயே அடங்கியிருப்பது. வட்டி கணக்கிடும் விதியில் பத்து விலக்குகள் இருப்பின், எந்த மொழியில் எழுதினாலும், எந்தப் பொறி எழுதினாலும், அப்பத்து விலக்குகளையும் ஒருவர் அறிந்திருந்தே ஆக வேண்டும்.

பழைய நம்பிக்கையின் புதிய வடிவம்

நிரலாளர் இனித் தேவையில்லை என்னும் எண்ணம் புதியதன்று. 1957இல் ஃபோர்ட்ரான் மொழி வந்தபோது, இயந்திரமே நிரல் எழுதும் காலம் வந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1959இல் உருவாக்கத் தொடங்கிய கோபோல் மொழி, ஆங்கில வாக்கியங்களைப் போன்ற அமைப்பைக் கொண்டிருந்ததால், நிர்வாகிகளும் நிரல்களைப் படித்தறிய முடியும் என்ற நம்பிக்கையைத் தந்தது. 1980களில் நான்காம் தலைமுறை மொழிகள் நிரலாளரின் தேவையையே போக்கிவிடும் எனக் கூறப்பட்டது. ஒவ்வொரு முறையும் வேலை எளிதாயிற்று. எளிதானதால் கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகள் பெருகின. நிரலாளரின் தேவையும் வளர்ந்தது.

மும்பையின் அனுபவமும் இதற்குச் சான்று பகர்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு உருவாக்கிய டிஃப்ராக் கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. 1968இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் இந்நகரில் தோன்றியது. சென்டிரல் பாங்க் ஆஃப் இந்தியாவின் கிளைகளுக்கிடையிலான கணக்குகளை ஒத்துப்பார்க்கும் பணி, அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்றாகும். ஒரு கிளை வரைவோலை வழங்குகிறது. தொலைவிலுள்ள மற்றொரு கிளை பணம் கொடுக்கிறது. இரண்டு பதிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். தேதி மாறியிருக்கலாம், எண் தவறியிருக்கலாம், ஒரு பதிவு வந்து சேராமலே இருக்கலாம். இத்தகைய பணியில் துளையட்டைகளைத் தயாரிப்பதைக் காட்டிலும், எந்தப் பொருத்தமின்மை இயல்பானது, எது ஐயத்திற்குரியது என்பதை அறிவதே கடினம். அவ்வறிவு வங்கிப் பணியை உணர்ந்தவரிடமிருந்தே வர முடியும்.

ரிசர்வ் வங்கி சி. ரங்கராஜன் தலைமையில் அமைத்த குழு, வங்கிகளை இயந்திரமயமாக்குவது குறித்து 1984இல் அறிக்கை அளித்தது. அதையொட்டிக் கிளைகளில் பேரேட்டுப் பதிவுப் பொறிகள் வந்தன. பதிவு செய்யும் வேலை விரைவுபெற்றது. எனினும் ஒவ்வொரு கிளையும் தனித்தீவாகவே இருந்தது. எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்ற வசதி, பிற்காலத்தில் மையக் கணக்கு முறை வந்து, வங்கிகள் தம் நடைமுறைகளையே மாற்றியமைத்த பிறகுதான் கிட்டியது. ஒரு படியை மட்டும் விரைவாக்குவதற்கும் முழுப் பணியையும் திருத்தியமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது.

வேகம் பற்றிய மயக்கம்

புதிய கருவிகள் தரும் வேகத்தை அளக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. அமெரிக்காவிலுள்ள மீட்டர் என்னும் ஆய்வு அமைப்பு, அனுபவமிக்க 16 நிரலாளர்களைக் கொண்டு 246 பணிகளை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுகளை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவின் உதவியால் வேலை நேரம் 24 விழுக்காடு குறையும் என அவர்கள் முன்னதாக எதிர்பார்த்தனர். வேலை முடிந்தபின், 20 விழுக்காடு குறைந்ததாகக் கருதினர். உண்மையில் நேரம் 19 விழுக்காடு கூடியிருந்தது. தாம் நன்கறிந்த பெரிய நிரல்தொகுதிகளில் பணிபுரிந்த ஒரு சிறு குழுவைப் பற்றிய ஆய்வு இது. எல்லாப் பணிகளுக்கும் இதனைப் பொதுவிதியாகக் கொள்வதற்கில்லை. புதிதாக ஒரு மாதிரியை உருவாக்குதல், பழகிய வகைச் சோதனைகளை எழுதுதல் போன்றவற்றில் இக்கருவிகள் பயனளிக்கின்றன. ஆயினும் வேகம் பற்றிய உணர்வும் உண்மை வேகமும் வேறுபடக்கூடும் என்பதை இவ்வாய்வு நிறுவுகிறது. நிரலாளரே ஏமாறக்கூடிய இடத்தில், அறிக்கைகளை மட்டும் பார்த்து முடிவு செய்யும் நிர்வாகி மேலும் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த டோரா ஆய்வுக் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு 25 விழுக்காடு உயரும்போது மென்பொருள் வழங்கலின் நிலைத்தன்மை சுமார் 7.2 விழுக்காடு குறைவதாக மதிப்பிட்டது. அடுத்த ஆண்டின் அறிக்கை வழங்கும் வேகத்தில் முன்னேற்றம் கண்டது. நிலையின்மை மட்டும் நீங்கவில்லை.

குறை எங்கே நேர்கிறது?

ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் கோட்டக் மகிந்திரா வங்கிக்குப் பிறப்பித்த ஆணை இங்குக் கருதத்தக்கது. இணையம், கைப்பேசி வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையும் புதிய கடன் அட்டைகள் வழங்குவதையும் அது நிறுத்தி வைத்தது. 2022, 2023 ஆண்டுகளின் பரிசோதனையில் கண்ட குறைகளே இதற்குக் காரணம். தகவல் தொழில்நுட்பச் சாதனங்களின் இருப்புக் கணக்கு, மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் முறை, பயனாளர்க்கான அனுமதி, வெளி நிறுவனங்களால் வரும் இடர், தரவுப் பாதுகாப்பு, பேரிடரின்போது பணியைத் தொடரும் ஆயத்தம் ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. வளர்ச்சிக்கு ஏற்பக் கட்டுப்பாடுகள் வளரவில்லை என்பதே அதன் சாரம். குறைகள் களையப்பட்டபின் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் தடை நீக்கப்பட்டது.

அவ்வாணை செயற்கை நுண்ணறிவைப் பற்றியதன்று. எனினும் அப்பட்டியலில் நிரல் மெதுவாக எழுதப்பட்டது என்ற குறை ஒன்றுகூட இல்லை என்பதை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். எங்கு என்ன இருக்கிறது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார், பழுதானால் என்ன செய்வது என்பனவே அங்கு எழுந்த கேள்விகள். நிரல் மலிவாகப் பெருகும்போது இக்கேள்விகளும் பெருகும்.

டென்மார்க் அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மென்பொருளின் உண்மையான உருவம் தாளிலோ பொறியிலோ இல்லை; அதனை உருவாக்கியவர்களின் புரிதலில் உள்ளது என்று வாதிட்டார். எவரும் புரிந்துகொள்ளாத நிரல், ஆவணமற்ற கடனுக்கு ஒப்பானது. கேட்பு வரும் நாளில்தான் அதன் சுமை தெரியும்.

இளைஞரின் நிலை

இப்பிரச்சினைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருந்தோரே இதற்கு உட்பட்டனர். இதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அன்று. திறனுக்கும் தேவைக்கும் உள்ள பொருத்தமின்மையே என நிறுவனம் விளக்கியது. ஆயினும் மாதுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிலையம், செம்பூரில் உள்ள விவேகானந்தா கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் பயிலும் மாணவர்களின் குடும்பங்களில் இத்தகைய செய்திகள் கவலையை எழுப்புவது இயல்பே. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று மும்பைக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் வேரூன்றின. அவர்களின் வழிவந்தோர்க்கு மென்பொருள் துறை வாழ்வளித்தது.

தொடக்கநிலை வேலையை இயந்திரம் செய்துவிடும் எனக் கருதி இளைஞரைச் சேர்ப்பதை நிறுத்தினால், உடனடிச் செலவு குறையலாம். ஆனால் இயந்திரம் எழுதியதைப் பார்த்துப் பிழை காணும் அனுபவம், எளிய நிரல்களை எழுதித் தவறிழைத்துத் திருத்திய ஆண்டுகளிலிருந்தே பிறக்கிறது. இன்று கற்பவர் இல்லையேல், நாளை சரிபார்ப்பவர் இருக்கமாட்டார்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எழுதப்பட்ட வரிகளைக் கொண்டு உற்பத்தியை அளக்கும் முறையைக் கைவிட வேண்டும். தேவை எழுந்த நாளிலிருந்து பயன் கிட்டிய நாள் வரை ஆன காலம், நேர்ந்த பழுதுகள், அவற்றைச் சீர்செய்ய ஆன நேரம் ஆகியவையே உரிய அளவுகோல்கள்.

இரண்டாவதாக, நிரல் எழுதுவதில் மிச்சமாகும் நேரத்தின் ஒரு பகுதியைச் சோதனைக்கும் மறுஆய்வுக்கும் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவதாக, இயந்திரம் எழுதிய ஒவ்வொரு மாற்றத்திற்கும் அதைப் புரிந்து ஒப்புதல் அளித்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, நிதித் துறையில் செயற்கை நுண்ணறிவு பற்றி 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் கூறிய ஏழு நெறிகளில், பொறுப்புடைமையும் புரிந்துகொள்ளத்தக்க அமைப்பும் இடம்பெற்றுள்ளன.

நான்காவதாக, இளம் நிரலாளரைத் தொடர்ந்து சேர்த்து, மூத்தோரின் அருகிலிருந்து மறுஆய்வு செய்யும் பயிற்சியை அளிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, நிர்வாகிகள் தாமே ஒரு திட்டத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை அருகிருந்து பார்த்தல் நன்று. எந்தப் படியில் வேலை தேங்குகிறது என்பதை அங்குதான் அறிய முடியும்.

புதிய கருவிகளைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது. அவற்றால் நிரல் மலிவாகிவிட்டது என்பதும் உண்மை. ஒரு பொருள் மலிவாகும்போது, அதனோடு சேர்ந்து தேவைப்படும் மற்றொன்றின் அருமை கூடுவது பொருளாதார இயல்பு. மென்பொருளில் அந்த மற்றொன்று, எதைச் செய்ய வேண்டும் என்ற தெளிவும் செய்தது சரிதானா என்ற சரிபார்ப்புமே ஆகும். இவ்விரண்டிற்கும் உரிய காலத்தையும் ஆட்களையும் ஒதுக்குவதே நிர்வாகத்தின் முதற்கடமை.