மின்காந்தத் தலையீடும் அதனைக் கட்டுப்படுத்தலும்

க.பொ.த (சாதாரண தரம்) – விஞ்ஞானம் – இலத்திரனியல்

1. அறிமுகம்

மாணவர்களே, மத்திய அலை வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்னல் தோன்றினால் 'படபட' என்ற ஒலி எழுவதை அவதானித்திருப்பீர்கள். 2ஜி வகைக் கைபேசிக்கு அழைப்பு வரும்போது அருகிலுள்ள ஒலிபெருக்கி இரைவதும் இத்தகையதே. ஒரு சாதனத்தில் அல்லது இயற்கையில் உண்டாகும் மின், காந்த மாற்றங்கள் இன்னொரு சாதனத்தின் தொழிற்பாட்டைக் குழப்புதல் மின்காந்தத் தலையீடு எனப்படும்.

2. மூன்று கூறுகள்

எந்தத் தலையீட்டிலும் பின்வரும் மூன்றும் இருக்கும்.

(அ) மூலம் – இரைச்சலை உண்டாக்குவது
(ஆ) வழி – இரைச்சல் கடந்து செல்லும் பாதை
(இ) பாதிக்கப்படும் சாதனம்

வழி இரு வகைப்படும். இரைச்சல் கம்பிகளினூடாக வருமாயின் அது கடத்தல் வழி. கம்பித் தொடர்பின்றி வெளியினூடாக வருமாயின் அது கதிர்ப்பு வழி. மூன்றில் ஒன்றை நீக்கினாலே தலையீடு ஒழியும். எனவே பரிகாரம் தேடுமுன் வழி எது எனக் கண்டறிதல் வேண்டும்.

3. கடத்தல் வழி: தைனமோவில் இயங்கிய வானொலி

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. உலர் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. செய்தி கேட்பதற்கு மக்கள் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைப் பயன்படுத்தினர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். செய்தியின் ஒரு சொல் இரைச்சலில் மறைந்தாலும் அதை மீண்டும் கேட்க வழியில்லை.

இங்குள்ள விஞ்ஞானத்தைப் பார்ப்போம். வண்டித் தைனமோ பொதுவாக 6 வோல்ற்று, 3 உவாற்று அளவினது. நான்கு உலர் மின்கலங்களால் இயங்கும் வானொலிக்கும் 6 வோல்ற்றே தேவை. ஆனால் தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே நான்கு இருவாயிகளாலான பாலச் சீராக்கி தேவை. தைனமோவின் ஒரு முனை வண்டியின் உலோகச் சட்டத்துடன் இணைந்திருப்பதால் ஒரு கம்பியைச் சட்டத்திலிருந்து எடுக்கவேண்டும்.

உதாரணக் கணிப்பு: தைனமோவின் உருளை செக்கனுக்கு 40 முறை சுழல்கிறது. ஒரு சுழற்சியில் 4 முழு அலைகள் உண்டாகின்றன எனக் கொள்க.

ஆடலோட்டத்தின் மீடிறன் = 40 × 4 = 160 ஹேர்ட்ஸ்
முழு அலைச் சீராக்கத்தின் பின் ஏற்ற இறக்கத்தின் மீடிறன் = 160 × 2 = 320 ஹேர்ட்ஸ்

மனிதச் செவி 20 முதல் 20 000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைக் கேட்கும். 320 ஹேர்ட்ஸ் இவ்வீச்சினுள் அடங்குவதால் செய்தியோடு ஒரு முரலொலியும் கேட்கும். சீராக்கம் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

பரிகாரம் ஒப்பமாக்கல் ஆகும். சீராக்கியின் பயப்புக்குச் சமாந்தரமாக 1000 மைக்குரோபரட்டு போன்ற பெரிய கொள்ளளவியை இணைத்தால், அழுத்தம் உயரும்போது அது ஏற்றம் பெற்று, குறையும்போது அதனை வானொலிக்கு வழங்கும். மின்பகுப்புக் கொள்ளளவியாயின் நேர், மறை முனைகளை மாற்றி இணைக்கக் கூடாது. மெதுவாகச் சுற்றினால் இரு உச்சங்களுக்கு இடைப்பட்ட நேரம் கூடும், கொள்ளளவி அதிகம் இறக்கமடையும், முரலொலியும் கூடும்.

முரலொலி தைனமோவிலிருந்துதான் வருகிறதா என அறிய, சுற்றும் வேகத்தை மாற்றுக. ஒலியின் சுருதியும் மாறினால் மூலம் தைனமோவே. இரைச்சல் கம்பியினூடாகவே வருவதால் வானொலியைத் தூர வைத்துப் பயனில்லை.

4. கதிர்ப்பு வழி: நீர் இறைக்கும் இயந்திரம்

வெங்காயத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைக்கும்போது, அருகே மின்கலத்தில் இயங்கும் மத்திய அலை வானொலியில் 'டக்டக்' என்ற ஒலி கேட்கலாம். இயந்திரத்துக்கும் வானொலிக்கும் கம்பித் தொடர்பு இல்லை. தீப்பொறிச் செருகியில் பாயும் ஒவ்வொரு பொறியும் மின்காந்த அலைகளைக் கதிர்க்கிறது. இங்கு ஒப்பமாக்கும் கொள்ளளவி உதவாது. தூரத்தைக் கூட்டுதலும், தடை கொண்ட தீப்பொறிச் செருகியைப் பொருத்துதலும் தகுந்த பரிகாரங்களாகும்.

இவ்விரைச்சல் அலையின் வீச்சத்தையே பெரிதும் மாற்றுகிறது. பண்பலை ஒலிபரப்பில் செய்தி மீடிறன் மாற்றமாக அனுப்பப்படுவதால் அங்கு பாதிப்புக் குறைவு.

5. கட்டுப்படுத்தும் முறைகள்

• மூலத்தில்: பொறி உண்டாவதைக் குறைத்தல், தொடுகைகளுக்குக் குறுக்கே தகுந்த கொள்ளளவி இணைத்தல்.
• கடத்தல் வழியில்: வடிகட்டி, ஒப்பமாக்கும் கொள்ளளவி, கம்பியைச் சுற்றிய பெரைற்று வளையம்.
• கதிர்ப்பு வழியில்: தூரம், முறுக்கிய இணைக்கம்பி, உலோகக் கவசம். கடத்தியால் சூழப்பட்ட வெளியினுள் புற மின்புலம் புகாது என்பதை மைக்கல் பரடே 1836 இல் செய்துகாட்டினார்.
• சமூக மட்டத்தில்: ஒலிபரப்பிகள் ஒன்றையொன்று குழப்பாதிருக்க மீடிறன்கள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. இலங்கையில் இப்பணியை 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு செய்கிறது.

6. செயற்பாடு

மின்கலத்தில் இயங்கும் சிறிய மத்திய அலை வானொலியை ஒலிக்கச் செய்து, வெறும் பிஸ்கற் ரின்னினுள் வைத்து மூடுக. நிலையத்தின் ஒலி மங்குவதை அவதானிக்க. மூடியைத் திறந்து மீண்டும் கேட்டு ஒப்பிடுக. 230 வோல்ற்று வழங்கலுடன் இணைந்த எச்சாதனத்தையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

7. மாதிரி வினா

வீட்டில் எல்.ஈ.டி. மின்குமிழை ஏற்றியதும், வீட்டு மின்வழங்கலில் இயங்கும் வானொலி இரைகிறது. இரைச்சல் வரும் வழியை எவ்வாறு கண்டறிவீர்?

விடை: மின்குமிழ் எரியும்போதே வானொலியின் மின்செருகியைக் கழற்றி, அதனை அதே இடத்தில் மின்கலத்தால் இயக்குவேன். இரைச்சல் நின்றால் அது பெரும்பாலும் மின்வழங்கற் கம்பியினூடாக, அதாவது கடத்தலால் வந்தது, வடிகட்டி இடுவேன். இரைச்சல் தொடர்ந்தால் கதிர்ப்பாலும் வருகிறது. வானொலியைத் தூர வைப்பேன் அல்லது திசை திருப்பி வைப்பேன்.

கவனிக்க: 'கொள்ளளவி இணைக்கலாம்' என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. எவ்வழியைத் தடுப்பதற்காக என்பதையும் சேர்த்து எழுதுக.