கூடாரம் எங்கே அடிப்பது?

வில்லியனூர், பாகூர் பக்கத்து இளைஞர்கள் இப்போது கூடாரம் வாங்குகிறார்கள். இரண்டு பேர் படுக்கும் அளவு, மடித்தால் தோள்பையில் அடங்கிவிடும். பார்சல் வந்து சேர்ந்த மறுநாளே கேள்வி எழுகிறது: இதை எங்கே அடிப்பது? ரிசார்ட் புல்வெளியில் காசு கொடுத்து அடிக்கும் கூடாரத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமும் இல்லை. வாடகை கிடையாது, விளக்கு கிடையாது, குழாயும் கழிப்பறையும் கிடையாது. குடிக்கிற தண்ணீரைச் சுமந்து போய், போட்ட குப்பையைச் சுமந்து வரவேண்டிய வெட்டவெளி இரவு. அதற்கு இந்தப் பக்கத்தில் என்னென்ன வழி உண்டு, எது யாருக்குத் தோதாக இருக்கும்?

யூடியூப் காட்சிகளை நம்பிக் கிளம்பினால் முதல் இரவே வனச்சரக அலுவலகத்தில் கழியலாம். அந்தக் காட்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் தேசிய வனங்களில் எடுத்தவை. அங்கே 154 தேசிய வனங்களை அந்நாட்டின் வனத்துறை நிர்வகிக்கிறது. தடை போட்ட இடங்களைத் தவிர மற்ற இடங்களில் யாரும் கட்டணமின்றிக் கூடாரம் போடலாம். பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். ஓடை, குளத்திலிருந்து சுமார் 200 அடி தள்ளித் தங்க வேண்டும், மலத்தைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பவை அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்குகள்.

நம் ஊரில் அப்படியோர் உரிமை கிடையாது. தமிழ்நாட்டுக் காப்புக்காடுகள் 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதியில்லாமல் நுழைவதும், உள்ளே நெருப்பு மூட்டுவதும், நெருப்பு கொண்டு போவதும் குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். புதுச்சேரிப் பகுதியிலோ மலைக்காடே இல்லை. ஆகவே இலவசமும் காடும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்காது. இலவசம் வேண்டுமா, காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே தேட வேண்டும். காடுதான் வேண்டுமா, அனுமதி வாங்கிக் கட்டணமும் கட்ட வேண்டும். எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சொந்தக்காரர் தோப்பைவிட நல்ல இடம் இல்லை. கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். தோப்பில் என்ன சாகசம் என்பார்கள். ஆனால் பாகூரைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளும், வில்லியனூருக்கு வடக்கே செம்மண் மேட்டில் இருக்கும் முந்திரித் தோப்புகளும் இரவில் வேறு உலகம். ஆந்தை உண்டு, மரநாய் உண்டு, நரி ஊளையும் சில இடங்களில் கேட்கும். பட்டா நிலம் என்பதால் உரிமையாளர் வாய்வார்த்தை ஒன்றே போதும். மோட்டார் கொட்டாயில் தண்ணீர் இருக்கும். ஏதாவது ஆனால் பத்து நிமிடத்தில் தார்ச்சாலை.

தென்னைக்கு அடியில் மட்டும் கூடாரம் போடக் கூடாது. தேங்காயும் மட்டையும் விழும் நேரத்தைச் சொல்லிவிட்டு விழுவதில்லை. முந்திரித் தோப்பில் காய்ந்த சருகை விலக்கிவிட்டுத்தான் விரிக்க வேண்டும். சருகுக்குள் கண்ணாடி விரியன் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. அதைவிட ஆபத்தானது கட்டுவிரியன். இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் போகலாம் என்பதால் தூங்குகிறவருக்கு விஷயமே தெரியாமல் போய்விடும். விடியற்காலையில் வயிற்று வலி, கண்ணிமை தானாக மூடுவது, பேச்சுக் குழறுவது என்றால் மந்திரிக்கிறவரைத் தேடாமல் 108-ஐ அழைத்து ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ போக வேண்டும். வெறும் பாய் வேண்டவே வேண்டாம். ஜிப் முழுக்க மூடும் கூடாரம் நல்லது. அது இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் போதும். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். பார்க்கப் போனால் நம் தட்பவெப்பத்துக்குக் கட்டில்தான் மேல். மாசி கழிந்த பிறகு நைலான் கூடாரத்துக்குள் படுத்தவர்கள் நடுராத்திரியில் வெளியே வந்துவிடுவார்கள்.

புதர் ஓரங்களில் உட்கார்ந்து எழுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் இருக்கிறது; மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் அதிகம். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் கண்டால், தோப்பில் படுத்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும் வேண்டும். உரிய மருந்து உண்டு, தாமதம்தான் கெடுதல்.

அடுத்து எல்லோரும் நினைப்பது ஏரிக்கரை. இதில் ஊசுட்டேரியையும் பாகூர் ஏரியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரி 2008-லேயே புதுச்சேரி அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம். ஏரியின் மறுபாதி தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கும் சரணாலயம்தான். கரையில் இரவு தங்குவது சட்டப்படி கூடாது. வலசை வாத்துகள் வந்திருக்கும் கார்த்திகை முதல் மாசி வரை டார்ச் வெளிச்சமும் பாட்டும் அவற்றைக் கிளப்பிவிடும். பாகூர் ஏரிக்கு அந்தச் சட்டத் தடை இல்லாவிட்டாலும் கரை என்பது மண் அணை. அங்கே முளை அடிப்பதும் குழி தோண்டுவதும் அந்த நீரை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்குப் பிடிக்காது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விடியற்காலையில் பறவை பார்க்க இரண்டுமே அருமையான இடங்கள். ஐந்தரை மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பலாம். படுக்க வேண்டாம்.

ஆற்றங்கரை அதைவிட மோசம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை பெய்வது ஜவ்வாது மலையில், வெள்ளம் வருவது நம் ஊரில்; இங்கே வானம் தெளிவாக இருப்பதை நம்பி மணல்திட்டில் படுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுவதையும் விட்டுவிடலாம். தையும் மாசியும்தான் காலம்.

அந்தத் தை, மாசியில்தான் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் கடற்கரைகளுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அலை ஓரத்தில் நெருப்பு மூட்டினாலோ விளக்கு எரித்தாலோ தாய் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும்; பொரிந்த குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து போகும். கடற்கரை இரவு வேண்டுவோர் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் தன்னார்வலர்களோடு இரவு நடைக்குப் போகலாம். கடற்கரையைப் பொறுத்தவரை படுப்பதைவிட நடப்பதில்தான் பார்க்க அதிகம் கிடைக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. குலதெய்வக் கோயில். கூடாரம் என்ற பொருளே தெரியாத தலைமுறை மாட்டு வண்டி கட்டிப் போய், தோப்பில் அடுப்புக் கூட்டி, பொங்கல் வைத்து, இரவு அங்கேயே படுத்து விடிந்ததும் திரும்பியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, கோரமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டுகளில் ஒன்று. தாவரவியலாளர்கள் ஆராய்ந்து எழுதிய இடம். கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் தங்கலாம். அடுப்புக்கு விறகைக் கையோடு கொண்டு போவது மரியாதை. கோயில் காட்டில் ஒடிக்கக் கூடாது என்பது அய்யனாருக்கும் தாவரவியலாளருக்கும் ஒத்துப்போகும் கட்டளை.

மலையும் இருட்டும் குளிரும் வேண்டும், காசும் அதிகம் ஆகக் கூடாது என்பவர்கள் ஜவ்வாது மலைக்குப் போகலாம். புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை, அங்கிருந்து போளூர், பிறகு மலையேறி ஜமுனாமரத்தூர். எல்லாவற்றுக்கும் பேருந்து உண்டு. காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேரலாம். மலையெங்கும் காப்புக்காடு என்றாலும் இடையிடையே மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களும், சாமையும் கேழ்வரகும் விளையும் பட்டா நிலங்களும் இருக்கின்றன. அறுவடை முடிந்த சாமைக் காட்டில் உரிமையாளர் அனுமதியோடு கூடாரம் போடுவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. அந்த நிலத்தின் வரப்பைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் பத்தடி வைத்தாலும் கதை மாறிவிடும். எது யார் எல்லை என்று ஊர்க்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். இரவில் கரடி நடமாட்டம் பற்றியும் அவரே சொல்வார். பலாவும் தேனும் இருக்கும் மலையில் கரடியும் இருக்கும். சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்கக் கூடாது.

இலவசம் என்று சொன்னாலும் அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை. இடத்துக்கு வாடகை கேட்க மாட்டார்கள் என்பதற்காகச் சாமைச் சோற்றையும் இனாமாகக் கேட்பது அழகல்ல. மறுநாள் சனிக்கிழமையாக இருந்தால் மலையின் மறுபக்கம் காவலூர் வானாய்வகத்தைப் பார்வையாளர்களுக்குத் திறப்பார்கள். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவ இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்குள்ள இருட்டும் ஒரு காரணம். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போனால் அந்த இருட்டு கட்டணமின்றியே கிடைக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. நம் ஊர் விலைக்கு வாங்கிய பாட்டிலை எல்லை தாண்டி எடுத்துப் போனால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். சோதனைச் சாவடியில் வண்டியே போய்விடும். மலை ஊரில் குடித்துவிட்டுக் கத்தும் ஒரு கூட்டம் போதும், அடுத்து வருகிற நல்லவர்களுக்கும் இடம் கிடைக்காது.

பக்தர்கள் ஏறும் மலைகளைப் பலர் இலவச மலையேற்றமாக நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை, இரவு தங்குவதில்தான் தடை. சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். இப்போது பகலில் ஏறிப் பகலிலேயே இறங்க வேண்டும். நமக்கு அருகில் உள்ளது திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை. அங்கே இரவு ஏற்றத்துக்கும் தங்கலுக்கும் வனத்துறை அவ்வப்போது கட்டுப்பாடு விதிப்பதால் அடிவாரத்தில் கேட்டுவிட்டே ஏற வேண்டும். வெள்ளியங்கிரி பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும். மக்கள் இரவிலும் ஏறுகிறார்கள், கட்டணமில்லை. ஆனால் ஆண்டுதோறும் மாரடைப்பால் இறப்பவர்கள் செய்தி வருகிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம்.

கடைசி வழி, உண்மையான காடு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகை, ஆன்லைன் முன்பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். தொடக்கத்தில் மிகக் குறைந்த கட்டணம் 599 ரூபாய். நமக்கு அருகில் என்று பார்த்தால் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிப் பாதை. பெரும்பாலும் ஒருநாள் நடைகள்தான், காட்டுக்குள் கூடாரம் இல்லை. அதனாலேயே இதை ஒதுக்குபவர்கள் உண்டு. ஒதுக்க வேண்டாம். இந்த வழிகளிலேயே சட்டபூர்வமாகக் காப்புக்காட்டின் உள்ளே அழைத்துப் போவது இது ஒன்றுதான். பகலில் ஏலகிரிக் காட்டில் நடந்துவிட்டு, இரவு ஜவ்வாது மலையில் தெரிந்தவர் நிலத்தில் படுப்பது, இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும் ஜோடி.

எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஒரு களைக்கொட்டு, சமைக்கத் தேவையில்லாத புளிச்சோறு, குப்பைக்கு ஒரு சாக்கு. குழி அரை முழ ஆழம், தண்ணீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி.

காட்டுப் பாதை வேண்டுமென்று முடிவு செய்தவர்கள் பொங்கலுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. தீப்பருவம் என்பதால் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது.