பட்டறைத் திருத்தத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கிணற்று மோட்டாரின் ஒரு பாகத்தைச் செய்யப் புது முறை கண்டவர், 'பேட்டன்ட்' எனப்படும் காப்புரிமை கேட்கலாம். ஆனால் முறை புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் விண்ணப்பித்தால் பணம் வீணாகும்.

மிர்சாப்பூர் வழக்கு

உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று 1951-ம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை பெற்றிருந்தது. லேத்தில் பாத்திரத்தை மாட்டிக் கடையும்போது அது கழன்று பறக்கும் அபாயம் இருந்தது. எதிர்முனையிலிருந்து ஒரு தண்டினால் அழுத்திப் பிடிப்பதே அந்த நிறுவனம் கொண்டுவந்த முறை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. லேத்தில் பொருளை எதிர்முனையால் தாங்குவது பழைய வழக்கம்தான். அதைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது வெறும் பட்டறைத் திருத்தம் என்று 1978 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. காப்புரிமை நிலைக்கவில்லை.

முடிவு செய்வது எப்படி?

1. விண்ணப்பத் தேதிக்கு முன் அத்தொழிலில் தெரிந்திருந்தவை எவை?

2. புது முறை அவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது?

3. தேர்ந்த தொழிலாளி ஒருவர், விடையை முன்கூட்டி அறியாமல், அதே சிக்கலுக்கு இதே வழியைத் தானாகப் பிடித்திருப்பாரா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்றால் காப்புரிமை கிடையாது. உதாரணமாக, மோட்டார் மூடியில் புஷ்ஷைச் சுத்தியால் தட்டி இறக்குவதற்குப் பதில் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது எந்தப் பட்டறைக்காரருக்கும் தோன்றும். தெரிந்த முறைகளையே சேர்த்தாலும், தொழில் அறிந்தவர்கள் எதிர்பாராத பலன் கிடைத்தால் நிலைமை வேறு. செய்து காட்டிய பின் எதுவும் எளிதாகவே தோன்றும். ஆகவே விடை தெரியாத நாளில் நின்று பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* விண்ணப்பிக்கும் முன் கருவியைப் பலர் அறியக் காட்டினால் புதுமை என்ற தகுதியே போய்விடலாம்.

* முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கலாம். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் உள்ளது.

* 1970-ம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடி முறைக்குக் காப்புரிமை இல்லை. கருவிக்கும் அதைச் செய்யும் முறைக்கும் உண்டு.

* 'இது என் காப்புரிமை, பணம் கட்டு' என்று எவரேனும் கேட்டால், முதலில் காப்புரிமை எண்ணைக் கேட்டு, அது நடப்பில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். எளிதில் தோன்றக்கூடிய முறையானால், வழங்கிய காப்புரிமையையும் எதிர்த்து ரத்து செய்யக் கோரச் சட்டத்தில் வழியுண்டு.